மங்கில் இருக்கிற வேதியியல்

மலேசியாவில் படிவம் நான்கில், அதாவது பதினாறு வயதில், உயிரியல் எடுக்கும் பிள்ளைகளிடம் ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய் என்று கேட்டால், அடிக்கடி வரும் பதில் இதுதான்: "இதுல கணக்கு இல்ல டீச்சர், மனப்பாடம் பண்ணிடலாம்." முதல் மூன்று பாடம் வரைக்கும் அந்த நம்பிக்கை ஓடும். நான்காவது பாடம் செல்லுக்குள் இருக்கும் வேதிப்பொருள்களைப் பற்றியது. நீர், கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று வரிசையாக வரும். அங்கேதான் பிள்ளைகள் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வரி வரியாக உருப்போடத் தொடங்குகிறார்கள். "நீர் முனைவுள்ள மூலக்கூறு" என்று பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். முனைவு என்றால் என்னம்மா என்று கேட்டால் பதில் வராது.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள். புத்தகம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், விளக்கம் என்னிடம் தமிழில் நடக்கும். அவர்களுக்காகவும், வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லித்தரும் அண்ணன் அக்காமாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

உயிரியல் தொடங்கும் ஒருவருக்கு வேதியியல் முழுவதும் தேவையில்லை. மோல் கணக்கு, சமன்பாட்டைச் சமப்படுத்துவது எல்லாம் வேதியியல் வகுப்பில் தன் நேரத்தில் வரட்டும். இங்கே ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்: எலக்ட்ரான் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது? எலக்ட்ரான் சாய்ந்த பக்கம் கொஞ்சம் எதிர்மின், விட்டுக்கொடுத்த பக்கம் கொஞ்சம் நேர்மின். நேரும் எதிரும் ஈர்க்கும், ஒரே வகை இரண்டும் தள்ளும். செல்லுக்குள் நடப்பதில் பெரும்பகுதி இந்த ஈர்ப்பும் தள்ளலும்தான். இதை நான் வெறும் கரும்பலகையில் சொல்லி நிறுத்துவதில்லை. நம் ஊரில் அதற்கு நல்ல சாட்சி இருக்கிறது: பால்மரத்துப் பால், அதாவது ரப்பர் மரத்தை வெட்டினால் வடியும் பால்.

முதலில் நீர். ஆக்சிஜன் அணுவின் நடுவில் 8 புரோட்டான், ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் சேரும்போது ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு ஒரு சோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. இதற்குச் சகப்பிணைப்பு என்று பெயர். பொதுவில் என்றாலும் சரிபாதி இல்லை. பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை எந்த அணு எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதற்கு லைனஸ் பாலிங் 1932இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். இன்றைக்குப் பயன்படுத்தும் மதிப்புகளில் நான்கை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன்: ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் சொற்பம். அதனால் அவை இரண்டும் சேர்ந்த நீண்ட சங்கிலியில் எந்தப் பக்கமும் மின்னூட்டம் குவிவதில்லை. எண்ணெய் அப்படிப்பட்டது. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே வித்தியாசம் பெரிது. நீர் அப்படிப்பட்டது. எண்ணெயும் நீரும் ஏன் சேருவதில்லை என்பதற்கு அந்த நான்கு எண்ணே பதில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் ஒரு பக்கம், இரண்டு ஹைட்ரஜனும் மறு பக்கம். நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். கார்பன் டைஆக்சைடில் அதுதான் நடக்கிறது. அதன் பிணைப்புகள் தனித்தனியாகச் சாய்ந்தவைதான், ஆனால் எதிரெதிரே நிற்பதால் மொத்த மூலக்கூறுக்கு முனை இல்லை. நீருக்கு முனை இருக்கிறது. ஒரு நீரின் ஹைட்ரஜன் பக்கம் அடுத்த நீரின் ஆக்சிஜன் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இந்தப் பிடிதான். மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிரிக்க மோலுக்கு (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஏறக்குறைய 460 கிலோஜூல் வேண்டும். இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் இந்தப் பிடியை விடுவிக்க 20 கிலோஜூல் போல இருந்தால் போதும். திரவ நீரில் இந்தப் பிடி பிக்கோவினாடி அளவில், அதாவது ஒரு வினாடியை ஒரு லட்சம் கோடியாக வகுத்தால் கிடைக்கும் துணுக்குகளின் அளவில், அறுந்து அறுந்து வேறு ஆளோடு சேர்ந்துகொண்டே இருக்கும்.

"அவ்வளவு லேசான பிடியால என்ன பிரயோசனம் டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. லேசான பிடி என்பதால்தான் உயிர் நடக்கிறது. டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. செல் பிரியும் நேரத்தில் இழைகள் அகல வேண்டும், பிறகு மறுபடி சேர வேண்டும். அங்கே எல்லாம் சகப்பிணைப்பாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் இழையையே உடைக்க வேண்டிவரும். உறுதியானதும் வேண்டும், விட்டுக்கொடுப்பதும் வேண்டும். இழையின் முதுகெலும்பு சகப்பிணைப்பு, இழைகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு டிஎன்ஏ பாடத்தில் உருப்போட அதிகம் மிஞ்சாது.

சரி, பால்மரத்துக்கு வருவோம். என் அம்மா பால் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டால், "வெயில் ஏறுனா பால் இறங்காது" என்பார். அதன் காரணம் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. பகலில் இலைகள் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால், மேலே ஒன்று போனால் கீழே இருக்கும் நீர்த்தூண் முழுவதும் இழுபடுகிறது. மரம் முழுவதும் நீருக்கு இழுபறி, பட்டையில் இருக்கும் செல்களிலும் நீர் குறைகிறது. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போது வேர் கொண்டுவரும் நீர் மரத்தை நிரப்பிவிடும். விடியுமுன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் விறைப்பழுத்தம், அதாவது உள்ளே நிறைந்த நீர் சுவரைத் தள்ளும் அழுத்தம், உச்சத்தில் இருக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் பீறிக்கொண்டு வருகிறது.

மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும் அந்தப் பால் என்ன பொருள் என்று கேட்டால், பிள்ளைகள் "மரத்தோட சாறு" என்பார்கள். அது வெறும் சாறு இல்லை. பால்குழாய்கள் என்பவை செல்கள் வரிசையாக இணைந்து உண்டானவை. வெட்டும்போது வழிவது அந்தச் செல்களின் சைட்டோபிளாசம், அதாவது செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழ். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். புத்தகத்தில் சைட்டோபிளாசம் என்பது வெளிர்நீலத்தில் போட்ட ஒரு வட்டத்தின் உட்பக்கம். இங்கே அது ஒரு மங்கு நிறைய இருக்கிறது, தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். என் பெரியப்பாவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு பால்மரக்காடு இன்னும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பெரிய தோட்டங்கள் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டன. பாடம் வரும் வாரத்தில் அவர் ஒரு போத்தலில் புதுப்பால் கொடுத்தனுப்புவார்.

அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் நீர், கூடவே கொஞ்சம் புரதம், கொழுப்பு, சர்க்கரை, உப்பு. ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள சங்கிலி. முன்பு எழுதிய எண்களின்படி அது நீரோடு சேரக்கூடாது. அப்படியென்றால் பால் ஏன் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியாமல் ஒரே வெள்ளையாக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டேன். பிள்ளைகள் யோசிக்கட்டும்.

விடை துகளின் மேற்பரப்பில் இருக்கிறது. ரப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் புரதமும் பாஸ்போலிப்பிடும் (பாஸ்பேட் ஒட்டிய கொழுப்பு) ஒரு மெல்லிய போர்வையாக மூடியிருக்கின்றன. புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்கள் சிலவற்றில் கார்பாக்சில் தொகுதி (ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த துண்டு) தொங்கிக்கொண்டிருக்கும். நடுநிலையை ஒட்டிய திரவத்தில் அந்தத் தொகுதி தன் ஹைட்ரஜனை எலக்ட்ரான் இல்லாமல் கழற்றிவிட்டு, எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும். ஆக, ஒவ்வோர் உருண்டையும் வெளிப்பக்கம் எதிர்மின். எதிரும் எதிரும் தள்ளும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன.

இப்போது அமிலம். தோட்டத்து ஸ்டோரில் சீட்டுப் போடுவதற்கு, அதாவது பாலை ரப்பர்த் தகடாக்குவதற்கு, ஊற்றுவது பார்மிக் அமிலம். தோட்டத்தில் எல்லாரும் ஆசிட் என்றுதான் சொல்வார்கள். முசுறு எறும்பு பீய்ச்சியடிப்பதும் இதே அமிலம்தான், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த எரிச்சல் தெரியும். கடையில் விற்கும் கெட்டியான பார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும், பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. நான் வகுப்பில் சமையல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோதான் பயன்படுத்துகிறேன். ஒரு கண்ணாடிக் குவளையில் பாலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் கலந்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு குச்சியின் நுனியில் சின்னச் சின்னத் திப்பி ஒட்டும். இன்னும் கொஞ்சம் விட்டதும் குச்சியைத் திருப்புவது கனமாகிவிடும். வெள்ளை ஒரு பக்கம் ஒதுங்கி, கீழே தெளிந்த நீர் பிரியத் தொடங்கும். கடைசியில் குவளையின் வடிவத்திலேயே ஒரு கட்டி கையோடு வரும். அதைப் பிழிந்தால் நீர் வடியும், இழுத்தால் நீளும்.

"அமிலம் ஊத்தினா ஏன் டீச்சர் கட்டுது?"

அமிலம் என்றால் ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும் பொருள். ஹைட்ரஜன் அயனி என்பது எலக்ட்ரானைப் பறிகொடுத்த ஹைட்ரஜன், அதாவது ஒரு தனிப் புரோட்டான், நேர்மின். அது போய் அந்தக் கார்பாக்சில் தொகுதியின் எதிர்மின்னோடு சேர்ந்துகொள்கிறது. மின்னூட்டம் சரிக்கட்டிப் போகிறது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் உருண்டைகள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ரப்பரை யாரும் புதிதாக உண்டாக்கவில்லை, அது முன்பே அங்கே இருந்தது. மாறியது மேற்பரப்பின் மின்னூட்டம் ஒன்றுதான். வீட்டில் பால் தயிராவதும் இதே கதை. உறையில் இருக்கும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்க, கேசின் என்ற பால்புரதம் மின்னூட்டம் இழந்து கட்டுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெட்டிய மரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பால் சொட்டுவதை நிறுத்திவிடும். காயத்தை மரமே அடைத்துக்கொள்கிறது. எப்படி? பாலுக்குள் லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகள் இருக்கின்றன. வெட்டு விழுந்து பால் வேகமாக ஓடும்போது அவற்றில் சில உடைகின்றன. உள்ளே இருப்பது கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள திரவம், கால்சியம், மெக்னீசியம் அயனிகள், நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள். அவை எல்லாம் ரப்பர் உருண்டைகளின் எதிர்மின்னைச் சரிக்கட்ட, குழாயின் வாயில் பால் கட்டிப்போகிறது. ஸ்டோரில் மனிதன் ஆசிட் ஊற்றிச் செய்யும் வேலையை மரம் தன் காயத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. குவால கங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, நம் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பட்டைக்குள்ளும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் அமோனியா. பால் கட்டாமல் திரவமாகவே வெளியூருக்குப் போக வேண்டும் என்றால் அதில் அமோனியா சேர்ப்பார்கள். அமோனியாவின் நைட்ரஜனிடம் யாரோடும் பங்கு போடாத ஓர் எலக்ட்ரான் சோடி இருக்கிறது. அது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உருண்டைகளின் எதிர்மின் அப்படியே இருக்கும், போதாததற்குப் பாக்டீரியாவும் அடங்கும். பாக்டீரியாவை அடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மங்கில் விட்ட பால் தானாகவே கட்டிப்பாலாகிவிடும், பாக்டீரியா உண்டாக்கிய அமிலமே அதைக் கட்டவைக்கிறது. கட்டிப்பால் லோரி போனால் சாலை முழுவதும் அடிக்கும் நாற்றமும் பாக்டீரியாவின் வேலைதான். சின்னச் சங்கிலியுள்ள கொழுப்பு அமிலங்கள் எளிதில் ஆவியாகி மூக்குக்கு வருகின்றன.

பிஎச் என்ற அமிலத்தன்மை அளவையும் இங்கேயே சொல்லிவிடுவேன், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை செய்த சோரன்சென் 1909இல் கொண்டுவந்த அளவு அது. பிள்ளைகள் தவறவிடுவது ஒன்றே: ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 7இல் இருக்கும் பால் 5க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு இரண்டு மடங்கு ஆகவில்லை, நூறு மடங்கு ஆகியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் இரத்தத்தின் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கிறது என்பதைப் படித்தால், எவ்வளவு குறுகிய இடத்தில் உடம்பு தன்னை வைத்துக்கொள்கிறது என்று புரியும். இரத்தத்திலும் புரதங்கள் இருக்கின்றன, அவற்றிலும் கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. மின்னூட்டம் மாறினால் மடிப்பு மாறும், மடிப்பு மாறினால் வேலை கெடும்.

தனிமங்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடித்த பாடநூல் உர மூட்டை. நம் வீட்டுப் பக்கம் யாரிடமாவது ஒரு நீல உர மூட்டை இருக்கும், மேலே 12-12-17-2 என்று போட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜன், அடுத்தது பாஸ்பரஸ், அடுத்தது பொட்டாசியம், கடைசி மெக்னீசியம். பின் மூன்றையும் ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதுவது உர வியாபாரத்தின் வழக்கம். செடி ஏன் இவற்றைக் கேட்கிறது என்று தொடங்கினால் பாடம் தானாக வரும். நைட்ரஜன் இல்லாமல் அமினோ அமிலம் இல்லை, புரதம் இல்லை, டிஎன்ஏயின் எழுத்துகளும் இல்லை. பாஸ்பரஸ் டிஎன்ஏயின் முதுகெலும்பில் இருக்கிறது, செல் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபியில் இருக்கிறது, செல் சவ்வின் பாஸ்போலிப்பிடில் இருக்கிறது. பொட்டாசியம் எந்தப் பெரிய மூலக்கூறிலும் போய் உட்காராமல் அயனியாகவே சுற்றி, இலைத்துளையைத் திறக்கவும் மூடவும் உதவுகிறது. மெக்னீசியம் பச்சையத்தின் நடுவில் இருக்கிறது. செம்பனையில் அடிமட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறினால், மெக்னீசியம் பற்றவில்லை என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பார்த்தவுடன் சொல்வார்கள். செடி பழைய மட்டையிலிருந்து மெக்னீசியத்தை எடுத்துப் புது மட்டைக்கு அனுப்புகிறது, அதனால்தான் அடிமட்டை முதலில் நிறம் மாறுகிறது. கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஏன் மூட்டையில் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. அவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகின்றன, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது வடிவம். ரப்பர் சங்கிலியின் ஓர் அலகுக்கு ஐசோப்ரீன் என்று பெயர், ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ஆயிரக்கணக்கான அலகுகள் கோத்ததுதான் ரப்பர். ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு எலக்ட்ரான் சோடியைப் பொதுவில் வைத்த பிணைப்பு, இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு திரும்பாது, ஆகவே சங்கிலி அதன் ஒரே பக்கமாக நுழைந்து வெளியேறலாம், அல்லது எதிரெதிர்ப் பக்கமாகப் போகலாம். ஒரே பக்கம் என்றால் சிஸ், எதிர்ப் பக்கம் என்றால் டிரான்ஸ். பால்மரத்து ரப்பர் சிஸ். சங்கிலி வளைந்து நெளிந்து கிடக்கிறது, அடுக்காகப் படிய முடிவதில்லை, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறது. நம் காட்டிலேயே வளர்ந்த கட்டாபெர்ச்சா மரத்தின் பாலிலும் அதே ஐசோப்ரீன்தான், ஆனால் டிரான்ஸ். சங்கிலிகள் நேராகப் படிந்து இறுகிவிடுவதால் அது சாதாரண வெப்பத்தில் கெட்டி, வெந்நீரில் போட்டால் மெழுகாக இளகும். 1851இல் இங்கிலீஷ் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்குக் காப்புறையாக அதைத்தான் சுற்றினார்கள். அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கை விகிதமும் ஒன்றே, ஒரு பக்கம் மாறியதால் ஒன்று பந்து, மற்றொன்று பலகை. பொருளின் குணம் அணுவில் மட்டுமில்லை, வடிவத்திலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் இருக்கும் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பும் சிஸ்தான், அதனால் அந்தக் கொழுப்பு அமிலம் நடுவில் வளைந்திருக்கிறது. செல் சவ்வு இறுகிப்போகாமல் இளக்கமாக இருப்பதற்கு இப்படிப்பட்ட வளைவுகள் காரணம்.

ஐசோப்ரீனை இயற்கை ரப்பருக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. செம்பனை எண்ணெய்க்குச் சிவப்பு கொடுக்கும் கரோட்டின் எட்டு ஐசோப்ரீன் அலகு. நம் உடம்பில் கொலஸ்ட்ராலுக்கு முன்னோடியான ஸ்குவாலீன் ஆறு அலகு. வெறும் ஐந்து கார்பனை வைத்து இத்தனை வேலை.

கந்தகத்தைப் பற்றியும் கொஞ்சம். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் இறுகாது என்று கண்டார். சங்கிலிக்குச் சங்கிலி கந்தகப் பாலம் விழுகிறது. நம் தலைமுடியின் கெரட்டின் என்ற புரதத்திலும் கந்தகப் பாலங்கள் இருக்கின்றன. சலூனில் முடியை நிரந்தரமாக நேராக்கும்போது முதலில் மருந்து போட்டு அந்தப் பாலங்களை உடைத்து, முடியை நேராக வைத்து, மறுபடி வேறு இடத்தில் பாலம் போடுகிறார்கள். தண்ணீர் பட்டதும் கலையும் சாதாரண இஸ்திரி நேராக்கல் ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றுவிடுகிறது. பெண் பிள்ளைகள் வலுவான பிணைப்பையும் லேசான பிணைப்பையும் இதற்குப் பிறகு மாற்றி எழுதியதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். குறிப்பு நோட்டுகளில் பரவலாக இருக்கும் ஒரு வாக்கியம்: "ஏடிபியின் பிணைப்பு உடையும்போது சக்தி வெளிவருகிறது." பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்கத்தான் வேண்டும், எந்தப் பிணைப்பாக இருந்தாலும் சரி. முதலிலேயே ஹைட்ரஜன் பிணைப்பை விடுவிக்க 20 கிலோஜூல் வேண்டும் என்று பார்த்தோமே, அதே விதிதான். சக்தி வெளிவருவது புதுப் பிணைப்புகள் உண்டாகும்போது. ஏடிபி நீரோடு வினைபுரியும்போது உடைவதற்குக் கொடுத்ததைவிட, புதிதாக உண்டானவற்றில் கிடைப்பது அதிகம். ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டும் எதிர்மின்னோடு பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்று பிரிந்தால் அந்தத் தள்ளலும் குறைகிறது. கணக்குப் போட்டால் வழக்கமான நிலையில் மோலுக்கு ஏறக்குறைய 30.5 கிலோஜூல் மிச்சம். தேர்வுக்கு இவ்வளவு தேவையா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். தேவை. இங்கே தவறாகப் பதிந்தால் சுவாசப் பாடம் முழுவதும் கோணலாகப் போகும், பல்கலைக்கழகம் போன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

நான்காம் பாடத்தை முடித்து ஐந்தாவதான என்சைமுக்கு (செல்லின் வினைகளை வேகப்படுத்தும் புரதம்) போகும்போது பிள்ளைகளைச் செம்பனை மில் பக்கம் அழைத்துப் போக ஆசை. உள்ளே விட அனுமதி எளிதில் கிடைக்காது, அதனால் வாயிலில் வரிசை பிடித்து நிற்கும் லோரிகளைக் காட்டியே சொல்கிறேன். குலையை வெட்டிய பிறகு ஏன் இவ்வளவு அவசரம்? செம்பனைப் பழத்தின் சதையில் லிப்பேஸ் என்ற என்சைம் இருக்கிறது. பழம் நசுங்கிச் செல் உடைந்தால், அதுவரை தள்ளித் தள்ளி இருந்த எண்ணெயும் லிப்பேஸும் சேர்ந்துகொள்கின்றன. லிப்பேஸ் நீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொழுப்பை வெட்டி, கொழுப்பு அமிலத்தைத் தனியாகக் கழற்றிவிடும். கச்சா எண்ணெயில் அப்படிக் கழன்ற அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வியாபாரத்தில் இருக்கும் அளவு. அதனால்தான் மில்லுக்குள் போனதும் குலைகளுக்கு முதல் வேலையாக 130, 140 பாகை செல்சியஸ் நீராவி கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் லிப்பேஸை மடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற லேசான பிடிகள் எல்லாம் விட்டுப்போகின்றன. அமினோ அமிலச் சங்கிலி பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது சகப்பிணைப்பு. வடிவம் மட்டும் குலைந்துபோன லிப்பேஸால் இனி ஒரு கொழுப்பையும் வெட்ட முடியாது.